எந்த லீக் பலசாலி? டிசம்பரைக் கேளுங்கள்!

2025 ஏப்ரல் 7. டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம். புளோரிடா 65, ஹூஸ்டன் 63. கடைசி நொடிகளில் பந்து ஹூஸ்டனிடம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எமானுவல் ஷார்ப் எம்பினார். எதிரே பாய்ந்து வந்தார் புளோரிடாவின் வால்டர் கிளேட்டன். வீசினால் தடுத்துவிடுவார் என்று தெரிந்ததும் ஷார்ப் நடுவானில் மனம் மாறிப் பந்தைக் கீழே விட்டார். தரையில் இறங்கியபின் மறுபடி அதைத் தொட்டால் விதிமீறல். தொடவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. பந்து குதித்துக்கொண்டிருக்க, நேரம் முடிந்தது. முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காத கிளேட்டன் கடைசியில் கோப்பையைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

புளோரிடா ஆடுவது சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற லீக்கில், சுருக்கமாக எஸ்.இ.சி. ஹூஸ்டன் ஆடுவது பிக் 12-இல். ஆட்டம் முடிந்ததும், எஸ்.இ.சி.தான் நாட்டிலேயே பெரிய லீக் என்பது நிரூபணமாகிவிட்டதாக அதன் ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

அப்படியானால் ஒரு கேள்வி. ஷார்ப் துணிந்து வீசி, பந்து வளையத்துக்குள் விழுந்திருந்தால், பிக் 12 பெரிய லீக் ஆகியிருக்குமா? ஒரே ஒரு பந்தின் போக்கில் 32 அணிகளின் தராதரம் தலைகீழாகுமா? ஆகாது. அந்த ஆண்டு எது பலசாலி லீக் என்ற வழக்கு அதற்கு நான்கு மாதங்கள் முன்பே, டிசம்பரில், ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

கூட்டணிக் கணக்கு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் டிவிஷனில் ஆண்கள் கூடைப்பந்துக்கு மட்டும் 360-க்கும் மேற்பட்ட அணிகள். இவை 31 கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ரஞ்சிக் கோப்பையின் பிரிவுகளைக் கிரிக்கெட் வாரியம் வகுத்துக் கொடுக்கிறது. கான்ஃபரன்ஸ்களோ, கல்லூரிகள் தாங்களே கூடி அமைத்துக்கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை அலுவலகம், தனித் தொலைக்காட்சி ஒப்பந்தம், தனி வருமானம் உண்டு. லாபம் எங்கே என்று பார்த்துக் கூட்டணி மாறுவதும் உண்டு.

2024-இல் அது உச்சத்தைத் தொட்டது. பசிபிக் கரையின் பழம்பெரும் பேக் 12 லீக்கிலிருந்து பத்துக் கல்லூரிகள் வெளியேறின, மிஞ்சியவை இரண்டு. யூ.சி.எல்.ஏ. உள்ளிட்ட நான்கு, பிக் டென்னுக்குப் போயின. இப்போது பிக் டென்னில் இருப்பது 18 அணிகள். பிக் 12-இல் 16. அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் எனும் ஏ.சி.சி.யில், கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் ஆடுகின்றன. அட்லாண்டிக் கடலுக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு கண்டம் கிடக்கிறது.

சீசன் நவம்பரில் தொடங்குகிறது. புத்தாண்டையொட்டிய நாள்வரை அணிகள் பெரும்பாலும் மற்ற லீக் அணிகளோடு மோதும். ஜனவரி, பிப்ரவரி முழுக்கச் சொந்த லீக்குக்குள்ளேயே ஆட்டம். மார்ச்சில் 68 அணிகளின் தேசிய நாக் அவுட் போட்டி. அதில் 31 இடங்கள் ஒவ்வொரு லீக்கின் சாம்பியனுக்கும் தானாகக் கிடைக்கும். மீதி 37 இடங்களைத் தேர்வுக் குழு பங்கிடும். ஒரு லீக்கின் ஏழாவது அணி பெரிதா, இன்னொரு லீக்கின் இரண்டாவது அணி பெரிதா? டீக்கடை வாக்குவாதமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குத் தேர்வுக் குழு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில் பெரும் பணமும் அடங்கியிருக்கிறது.

மேரிலாண்டுக்கு நேர்ந்தது

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. லீக்குக்கு ஓர் அணி, அவ்வளவுதான். அந்த விதியை அசைத்துப் பார்த்தது 1974 மார்ச் 9-ஆம் தேதி, வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் நடந்த ஏ.சி.சி. இறுதி ஆட்டம்.

நார்த் கரோலினா ஸ்டேட் அப்போது நாட்டின் தரவரிசையில் முதலிடம். எதிரே மேரிலாண்ட், நான்காம் இடம். மூன்று புள்ளி வீச்சு என்பதே கல்லூரி ஆட்டத்தில் இல்லாத காலம் அது. இருந்தும் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 103-100 என முடிந்தது. நார்த் கரோலினா ஸ்டேட்டின் டாம் பர்ல்சன் மட்டும் 38 புள்ளிகள். தோற்ற மேரிலாண்டின் பயிற்சியாளர் லெஃப்டி டிரிசெல், வென்றவர்களின் பேருந்தில் ஏறி அவர்களை வாழ்த்திவிட்டு இறங்கினார். அவருடைய அணிக்குத் தேசியப் போட்டியில் இடமில்லை. நாட்டின் நான்காவது சிறந்த அணி வீட்டுக்குப் போனது.

நார்த் கரோலினா ஸ்டேட் அடுத்து என்ன செய்தது? தொடர்ந்து ஏழு ஆண்டுகள் சாம்பியனாக இருந்த யூ.சி.எல்.ஏ.வை அரையிறுதியில் இரட்டைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தி, கோப்பையையும் தூக்கியது. அப்படிப்பட்ட அணியிடம் மூன்றே புள்ளியில் தோற்றவர்களுக்குக் கதவடைப்பு!

அடுத்த ஆண்டே தேசியப் போட்டி 32 அணிகளாக விரிந்தது. ஒரே லீக்கிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் வரலாம் என்றானது. லீக்குகளின் பலத்தை ஒப்பிட்டே தீரவேண்டிய கட்டாயம் அன்று பிறந்தது.

எண்கள் வந்த கதை

1981-இல் என்.சி.ஏ.ஏ. கையில் எடுத்த கருவி ஆர்.பி.ஐ. கணக்கு எளிது. அணியின் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீத மதிப்பு, எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50, எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. அதாவது, ஓர் அணியின் மதிப்பெண்ணில் முக்கால் பங்கு அது ஜெயித்ததா என்பதைப் பொறுத்ததே அல்ல. யாரோடு ஆடியது என்பதைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொண்ட லீக்குகள் அட்டவணையைச் சாமர்த்தியமாகப் போட ஆரம்பித்தன. படுமோசமான அணிகளைத் தவிர்த்து, ஜெயிக்கக்கூடிய நடுத்தர அணிகளாகப் பார்த்து அழைத்தால் லீக் மொத்தத்துக்கும் மதிப்பெண் ஏறும்.

2006-இல் மிசௌரி வேலி என்ற நடுத்தர லீக்குக்கு நான்கு இடங்கள் கிடைத்தபோது, கணக்கை ஏய்த்து வாங்கிய இடங்கள் என்று பெரிய லீக்குகளின் பக்கமிருந்து கிண்டல் எழுந்தது. அந்த நான்கில் இரண்டு, பிராட்லியும் விச்சிடா ஸ்டேட்டும், கடைசி 16 வரை போய் வாயை அடைத்தன.

இதற்கிடையே இன்னொரு கணக்குமுறை பிரபலமானது. அமெரிக்க வானிலைத் துறையில் பணியாற்றிய கென் பொமராய் என்பவர் தன் ஆர்வத்துக்காகத் தொடங்கிய புள்ளிவிவரத் தளம் அதைப் பரப்பியது. எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதை மட்டும் அவர் பார்ப்பதில்லை. எத்தனை முறை பந்து கைக்கு வந்தது, அதில் எத்தனை புள்ளி என்று பார்க்கிறார். 75 முறை பந்து கிடைத்து 80 புள்ளி எடுத்த அணி, நூறு முறைக்கு 107 என்ற கணக்கில் நிற்கும். 60 முறை மட்டுமே கிடைத்து 70 எடுத்த அணி 117-இல் நிற்கும். ஸ்கோர்போர்டில் சிறியதாகத் தெரியும் அணியே தாக்குதலில் கூர்மையானது. அப்புறம் எதிரணியின் தரம், ஆடிய இடம் ஆகியவற்றுக்கு ஏற்பக் கூட்டிக் கழிப்பார்.

லீக்கை அளக்கவும் அவரிடம் ஒரு வழி உண்டு. லீக்கின் சராசரியை அவர் எடுப்பதில்லை. அந்த லீக்கில் சரிபாதி ஆட்டங்களை ஜெயிக்க ஓர் அணிக்கு எவ்வளவு தரம் வேண்டும் என்று கேட்கிறார். அடிமட்டத்தில் கிடக்கும் ஒரே ஓர் அணி, லீக்கின் மொத்தப் பெயரையும் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

2018-19 சீசனில் என்.சி.ஏ.ஏ.வே ஆர்.பி.ஐ.யைக் கைவிட்டு, இதே பாணியைத் தழுவிய நெட் என்ற தரவரிசைக்கு மாறியது. அதன்படி வெற்றிகள் நான்கு தட்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. சொந்த மைதானத்தில் என்றால் முதல் 30 இடங்களுக்குள் உள்ள அணியை வென்றால்தான் முதல் தட்டு. எதிராளியின் ஊரில் என்றால் 75-ஆம் இட அணியை வென்றாலே போதும்.

மூடிய அறை

கருவி எதுவானாலும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சங்கடம் உண்டு. லீக்குக்குள் ஆடும் ஆட்டங்கள், லீக்கின் பலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எஸ்.இ.சி.யில் 16 அணிகள், ஆளுக்கு 18 லீக் ஆட்டங்கள். மொத்தம் 144 ஆட்டங்கள். 144 வெற்றிகள், 144 தோல்விகள். உலகின் தலைசிறந்த லீக்கிலும் இதே கணக்குதான், ஆகக் கடைசி லீக்கிலும் இதே கணக்குதான். வாராவாரம் யாரும் யாரையும் வீழ்த்தலாம் என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் பரவசப்படும்போது, எல்லாருமே பலசாலிகளாகவும் இருக்கலாம். எல்லாருமே சுமாராகவும் இருக்கலாம். அறைக்குள் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வெளியாரோடு மோதும் ஆட்டங்களில்தான் தெரியும். அவற்றில் பெரும்பகுதி டிசம்பர் முடிவதற்குள் ஆடி முடிந்துவிடுகிறது. ஜனவரியில் அறைக் கதவு சாத்தப்படும்போது லீக்குக்கு என்ன மதிப்போ, மார்ச் வரை ஏறக்குறைய அதே மதிப்புதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் எஸ்.இ.சி.யும் ஏ.சி.சி.யும் 16 ஆட்டங்களில் நேருக்கு நேர் மோதின. அதற்கு முந்தைய ஆண்டு இதே மோதல் 7-7 எனச் சமனில் முடிந்திருந்தது. இம்முறை எஸ்.இ.சி. 14, ஏ.சி.சி. 2. ஆபர்னை வென்ற டியூக், கென்டக்கியை வென்ற கிளெம்சன், அவ்வளவுதான். லீக்குக்கு வெளியே ஆடிய எல்லா ஆட்டங்களையும் சேர்த்தால், தேசியப் போட்டிக்கு முன்புவரை எஸ்.இ.சி. அணிகள் 185-இல் வெற்றி, 23-இல் தோல்வி.

மார்ச்சில் விளைவு தெரிந்தது. 16 எஸ்.இ.சி. அணிகளில் 14-க்கு இடம். எல்.எஸ்.யூ., சவுத் கரோலினா இரண்டும்தான் விடுபட்டவை. 2011-இல் பிக் ஈஸ்ட் பெற்ற 11 இடங்கள் என்ற பழைய சாதனை உடைந்தது. லீக்குக்குள் 6 ஆட்டங்களில் மட்டும் ஜெயித்து 12-இல் தோற்ற டெக்சஸ் அணிக்குக்கூட இடம் கிடைத்தது. ஏ.சி.சி.க்குக் கிடைத்தவை நான்கே.

டிசம்பர் இல்லாத ஆண்டு

வெளி ஆட்டங்கள் குறைந்தால் கணக்கு எப்படித் தடம் புரளும் என்பதை 2021 காட்டியது. கொரோனாவால் சீசன் தாமதமானது. மற்ற லீக்குகளோடு ஆடும் ஆட்டங்கள் வெகுவாகச் சுருங்கின. பெரும்பாலான அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடின. அந்தச் சொற்பத் தரவை வைத்து எல்லாத் தரவரிசைகளும் பிக் டென்னைத் தூக்கிவைத்தன. ஒன்பது இடங்கள். தேர்வுக் குழு அணிகளுக்குக் கொடுக்கும் தர நிலைகளில், முதல் நிலையில் மிச்சிகன், இல்லினாய், இரண்டாம் நிலையில் அயோவா, ஒஹையோ ஸ்டேட்.

ஒஹையோ ஸ்டேட் முதல் ஆட்டத்திலேயே 15-ஆம் நிலை அணியான ஓரல் ராபர்ட்ஸிடம் வீழ்ந்தது. பர்டியூ, நார்த் டெக்சஸிடம். இல்லினாய், சிகாகோவின் லொயோலாவிடம். அயோவா, ஓரிகனிடம். ஒன்பதில் கடைசி 16-ஐத் தொட்டது மிச்சிகன் மட்டுமே.

அதே நேரத்தில், யாரும் கணக்கில் சேர்க்காத பேக் 12 ஐந்து அணிகளோடு வந்தது. நான்கு கடைசி 16-க்குப் போயின, மூன்று கடைசி எட்டுக்கு. கடைசியாக மிஞ்சியிருந்த மிச்சிகனை 51-49 என்று வெளியே அனுப்பியது யூ.சி.எல்.ஏ. அதுவோ தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த 11-ஆம் நிலை அணி. பேக் 12-ஐ ‘சாம்பியன்களின் கான்ஃபரன்ஸ்’ என்று ஓயாமல் வாய்மணக்கச் சொல்லிவந்த முன்னாள் யூ.சி.எல்.ஏ. நட்சத்திரம் பில் வால்டனுக்குக் கிடைத்த கடைசிப் பெரிய விருந்து அது. 2024 மே மாதம் அவர் காலமானார். சில வாரங்களில் அந்த லீக்கும் சிதறிப் போனது.

மார்ச்சை எவ்வளவு நம்பலாம்?

அப்படியானால் மார்ச் முடிவுகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேயும் சிக்கல். தோற்றால் வெளியே என்ற போட்டியில் ஓர் அணிக்கு ஒரே ஓர் இரவு போதாத காலமாக இருந்தால் கதை முடிந்தது.

2011-இல் பிக் ஈஸ்டின் 11 அணிகளில் கடைசி 16-க்குத் தேறியவை கனெக்டிகட்டும் மார்க்வெட்டும் மட்டுமே. அவையும் தங்கள் லீக்கைச் சேர்ந்த சின்சினாட்டி, சிரக்யூஸ் அணிகளைத்தான் வீழ்த்தி அங்கே வந்தன. லீக் மானம் கப்பலேறியது என்று எல்லாரும் எழுதி முடிக்கும் முன்பே, லீக்கில் 9 வெற்றி 9 தோல்வியோடு ஒன்பதாம் இடத்தில் நின்ற கனெக்டிகட் தேசியக் கோப்பையை வென்றது. இப்போது பிக் ஈஸ்ட் வலுவா, வலுவில்லையா? ஒரே மார்ச் இரண்டு பதில்களையும் சொல்கிறது.

2024-இல் பிக் 12-க்கு எட்டு இடங்கள். இரண்டு கடைசி 16-ஐத் தொட்டன, ஒன்றுகூடக் கடைசி எட்டுக்குப் போகவில்லை. பலவீனம் என்று முத்திரை குத்தப்பட்ட ஏ.சி.சி.யின் ஐந்து அணிகளில் நான்கு கடைசி 16-இல் நின்றன. பிக் ஈஸ்டுக்குக் கிடைத்தவை மூன்றே இடங்கள். மூன்றும் கடைசி 16-ஐ எட்டின, அதில் கனெக்டிகட் மறுபடியும் சாம்பியன்.

ஒற்றை ஆட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எவன்ஸ்வில்லை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். 2019 நவம்பரில் நாட்டின் முதலிடத்தில் இருந்த கென்டக்கி, 90,000 டாலர் கொடுத்து இந்தச் சிறிய கல்லூரியைத் தன் மைதானத்துக்கு அழைத்தது. பெரிய கல்லூரிகள் சுலப வெற்றிக்காகச் செய்யும் வழக்கமான ஏற்பாடு. எவன்ஸ்வில் பணத்தையும் வாங்கிக்கொண்டு 67-64 என்று ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுப் போனது. அதே அணி அந்த சீசனில் தன் சொந்த மிசௌரி வேலி லீக்கில் ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றது.

நூறு, இருநூறு ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் எவன்ஸ்வில் இரவுகள் கரைந்துவிடும். டிசம்பர் தரும் சாட்சியம் அந்த அளவுக்குப் பெரியது. மார்ச் ஒரு லீக்குக்குத் தருவதோ பத்து, இருபது ஆட்டங்கள்.

திட்டமிட்டு ஏறிய லீக்

எஸ்.இ.சி. பன்னெடுங்காலம் அமெரிக்கன் ஃபுட்பாலின் கோட்டை. 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு ஃபுட்பால் தேசியப் பட்டங்கள் அதனுடையவை. கூடைப்பந்தில் கென்டக்கியைத் தவிர்த்தால் சொல்லிக்கொள்ளும்படி இருந்தவை சொற்பம். 2013-இல் அதன் 14 அணிகளில் மூன்றுக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். 2016-லும் மூன்றுதான்.

இதை மாற்ற, வெளியாரோடு ஆடும் ஆட்டங்களை ஒழுங்காகத் தேர்ந்தெடுங்கள் என்று லீக்கின் தலைமை கல்லூரிகளை நெருக்கியது. 2014-இல் தொடங்கிய சொந்தத் தொலைக்காட்சி அலைவரிசை பணத்தைக் கொட்டியது. 2016-இல் பிக் ஈஸ்டின் முன்னாள் தலைவர் மைக் டிராங்கீஸியை ஆலோசகராக அமர்த்தினார்கள். கல்லூரிகள் பெயர்பெற்ற பயிற்சியாளர்களைத் தேடிப் பிடித்தன: ஆபர்னுக்கு புரூஸ் பெர்ல், டென்னசிக்கு ரிக் பார்ன்ஸ், அலபாமாவுக்கு நேட் ஓட்ஸ், புளோரிடாவுக்கு டாட் கோல்டன். 2024-இல் கென்டக்கியின் ஜான் கலிபாரியே அர்கன்சாவுக்கு இடம் மாறினார். லீக்கில் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்ற அவருடைய அணி, மார்ச்சில் கான்சஸையும் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்திக் கடைசி 16-க்குப் போனது.

யார் வீட்டுப் பிள்ளைகள்?

எஸ்.இ.சி.யின் பலம் வேறொரு இடத்திலிருந்தும் வந்தது. 2021 முதல் வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரி மாறலாம். தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். சாம்பியன் புளோரிடாவின் பின்களத்தைப் பாருங்கள். வால்டர் கிளேட்டன் முதலில் ஆடியது அயோனாவுக்கு. அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து வந்தவர். வில் ரிச்சர்ட், பெல்மான்டிலிருந்து. மூவரும் சிறிய லீக்குகள் வளர்த்த பிள்ளைகள். ஆபர்னின் நட்சத்திரம் ஜோனி புரூம் கூட மோர்ஹெட் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் இருந்தவர்தான்.

தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஆட்டத்துக்கு, அதன் லீக்குக்கு ஒரு பங்குத் தொகை சேரும். ஆறு ஆண்டுகளில் அது ஏறத்தாழ 20 லட்சம் டாலர். 14 அணிகளை அனுப்பும் லீக்குக்கு நுழைந்த உடனேயே 14 பங்கு. ஒரே அணியை அனுப்பும் லீக்குக்கு, முதல் ஆட்டத்தில் தோற்றால் ஒரு பங்கு. பணம் இருக்கும் இடத்துக்கு வீரர் போகிறார். வீரர் போன இடத்துக்கு இடங்கள் கூடுகின்றன. இடங்கள் கூடினால் மறுபடி பணம். 2025-இல் கடைசி 16 அணிகளும் எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. என்ற நான்கே லீக்குகளைச் சேர்ந்தவை.

மூன்றே ஆண்டுகள் முன்பு, 2022-இல், செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி 15-ஆம் நிலையிலிருந்து கென்டக்கியையும் பர்டியூவையும் வென்று கடைசி எட்டுவரை போனது. கிளேட்டன் அயோனாவுக்கு ஆடியதும் அதே லீக்கில்தான்.

தீர்ப்பு

2024-25 சீசனின் பலசாலி லீக் எஸ்.இ.சி.தான். புளோரிடா கோப்பையை வென்றதற்காக இந்தத் தீர்ப்பு இல்லை. ஹூஸ்டன் வென்றிருந்தாலும் இதேதான். 185-23 என்ற கணக்கும், அதில் அடங்கிய 14-2 என்ற கணக்கும் அதற்குச் சாட்சி. மார்ச்சில் ஏழு அணிகள் கடைசி 16-இல் நின்றது அதை ஒட்டியே அமைந்தது. அதே சமயம், 14 இடங்களும் நியாயமா என்று கேட்டால், ஆறு அணிகள் முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டின; அவற்றில் டெக்சஸும் ஒன்று.

தேர்வுக் குழு நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால், பெரிய லீக்குகள் நடுத்தர லீக்குகளின் ஊருக்கே போய் ஆட வேண்டும். இப்போது பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு அழைப்பதுதான் வழக்கம். சிறிய அணிக்கு முதல் தட்டு வெற்றி வேண்டுமென்றால், அதற்கான ஆட்டமே கிடைப்பதில்லை. இதை மாற்ற என்.சி.ஏ.ஏ. விதி கொண்டுவரலாம், இதுவரை கொண்டுவரவில்லை.

அடுத்த சீசனில் எந்த லீக் பெரியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். நவம்பர், டிசம்பரில் லீக்குக்கு வெளியே நடக்கும் ஆட்டங்களின் முடிவுகளை மட்டும் குறித்துவாருங்கள். அதிலும் எதிராளியின் ஊரில் கிடைத்த வெற்றிகளைத் தனியாகக் குறியுங்கள். தேர்வுக் குழுவின் மேசையில் இருக்கும் காகிதத்திலும் அவை இடம்பெறுகின்றன.